மாங்காய் மண்டி ஆப்: 'விவசாயி' என்று வைப்பதா, 'பார்ட்டி' என்று வைப்பதா? அவசரம்

மண்டிகோடர்:
வணக்கம். ஆப் கிட்டத்தட்ட ரெடி. மண்டிக்குக் காய் கொண்டு வருபவர்களின் விவரம் சேமிக்கும் மெயின் டேபிளுக்கு (டேட்டாபேஸ் பட்டியல்) 'விவசாயி' என்று பெயர் வைத்திருக்கிறேன். நண்பர் யாருக்கும் பொருந்தும்படி 'பார்ட்டி' என்று மாற்றச் சொல்கிறார், பின்னாடி உதவுமாம். எது சரி? இன்று ராத்திரிக்குள் முடிவு பண்ண வேண்டும்.

பர்கூர்_பையன்:
யார் பயன்படுத்தப் போகிறார்கள்? டேட்டா ஏறிவிட்டதா? பெயர் திரையில் தெரியுமா, டேபிளோடு சரியா?

ஓசூர்_ஜாவா:
'பார்ட்டி'தான். நாளைக்கு வியாபாரி வருவார், லாரிக்காரர் வருவார், கூழ் ஃபேக்டரி வரும். ஆளுக்கு ஒரு டேபிள் போடுவீர்களா?

மூத்த_டிபிஏ:
ஆள் வேறு, அவர் செய்யும் வேலை வேறு. டேட்டாபேஸ் பாடத்தில் முதல் அத்தியாயமே இதுதான். அதைப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

மண்டிகோடர்:
காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மண்டி. கணக்கு எழுதும் அண்ணன் மட்டும் போனில் போடுவார். டேட்டா இன்னும் ஏறவில்லை.

தோப்பு_வீட்டுக்காரி:
எங்கள் தோப்பைப் பூ விடும்போதே குத்தகைக்கு விட்டுவிடுவோம். மண்டியில் காய் இறக்குபவர் குத்தகைக்காரர். அவருக்குச் சொந்தத் தோப்பும் உண்டு. 'விவசாயி' என்று ஒன்று, 'குத்தகைக்காரர்' என்று ஒன்று, இப்படி அவர் பெயரில் இரண்டு கணக்கு விழுந்தால் அட்வான்ஸ் கழிக்கும் நாளில் சண்டைதான். அப்புறம், எங்கள் மண்டியில் பார்ட்டி என்றால் வாங்க வரும் வெளியூர் வியாபாரி. அந்த அண்ணன் குழம்பிப் போவார்.

கிட்_பழகியவர்:
எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, கோடில் செய்யும் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) மென்பொருளின் 'செக்அவுட்' கட்டளை போதும். கிளை (கோடின் தனிப் பிரதி போன்ற பாதை) மாற்றவும் அதே கட்டளை, ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் அதே கட்டளை. 2019-இல் 2.23 பதிப்பில் ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். செக்அவுட் இன்னும் இருக்கிறது, ஊரெல்லாம் பழகிவிட்டதே. லாரிக்காரர் வரும்போது லாரிக்காரரைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓசூர்_ஜாவா:
அப்போது மாற்ற உட்கார்ந்தால் சீசனே முடிந்துவிடும்.

பர்கூர்_பையன்:
எந்தப் பெயர் வெளியே போகிறது என்று பாருங்கள். திரையில் இருப்பதை ஒரு வரியில் மாற்றலாம். டேபிள் பெயரை டேட்டா ஏறும் முன் மாற்றுவதும் சுலபம். ஆலைக்கு அனுப்பும் ஃபைலில் ஏறிய பெயர்தான் கையை விட்டுப் போய்விடும். பிரவுசரும் வெப்சைட்டும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறையில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் 'ரெஃபரர்' (Referrer) என்பதில் ஒரு ஆர் விடுபட்டு, 1996-இல் அந்த முறையை விவரிக்கும் ஆர்எஃப்சி 1945 என்ற ஆவணத்திலும் அப்படியே ஏறியது. இன்றும் எல்லா பிரவுசரும் அந்தத் தப்பான எழுத்தைத்தான் அனுப்புகிறது.

ஊத்தங்கரை:
மாங்காய் ரகத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறீர்கள்? 'தோத்தாபுரி' என்றால் இங்கே யாரும் தேட மாட்டார்கள். பெங்களூரா என்று வையுங்கள்.

ஓசூர்_ஜாவா:
கூழ் ஆலைக்காரர்கள் தோத்தாபுரி என்றுதானே கேட்கிறார்கள்?

ஊத்தங்கரை:
ஆலைக்காரர் ஆப்பைத் தொடப் போவதில்லை. அதே ரகத்தைக் கிளிமூக்கு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வீர்கள்?

மூத்த_டிபிஏ:
ரகத்துக்கு ஒரு எண். அதற்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் தனி டேபிளில். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

தோப்பு_வீட்டுக்காரி:
ஆளுக்கும் அதையே செய்யலாமே ஐயா. இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம்.

மண்டிகோடர்:
டேபிள் 'நபர்'. விவசாயியா, குத்தகைக்காரரா என்பது பில்லில். திரையில் 'காய் கொண்டு வந்தவர்'. லாரிக்காரரை இப்போது தொடவில்லை. அண்ணனிடம் காட்டினேன். எந்தத் தோப்புக் காய் என்று எழுத இடம் எங்கே என்கிறார். அதைச் சேர்க்கப் போகிறேன். நன்றி.