மறுமொழி: ‘ஒட்டுத்துணி மசகு’, ‘துளை சுத்திகரிப்பான்’ பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் (திணித்து இறுக்கும்) துப்பாக்கிகளுக்கான வரைவுக் கலைச்சொல் பட்டியலில், குண்டைச் சுற்றும் துணியில் தடவும் பேட்ச் லூப்ரிகண்டுக்கு ‘ஒட்டுத்துணி மசகு’ என்றும், குழலின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் போர் கிளீனருக்கு ‘துளை சுத்திகரிப்பான்’ என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி.

முதலில் துணி. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரைஃபிளில் ஈயக்குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு போடுவது வழக்கம். அந்த இடைவெளியை அடைத்து, குழலின் புரியை (உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்களை) பற்றிக் குண்டைச் சுழல வைப்பது, குண்டைச் சுற்றி வைக்கும் துணிதான். வெளியே வந்ததும் குண்டை விட்டு உதிர்ந்துவிடும். எதிலும் ஒட்டாததை ஒட்டுத்துணி என்பானேன்? ‘குண்டுத்துணி’ போதும். (சேலத்தில் யாராவது கேட்டால் நெருக்கமாக நெய்த காடாத் துணியைத்தான் காட்டுவேன். கஞ்சி போகத் துவைத்த பிறகு.)

ஏற்காட்டு மலைக் கிராமங்களின் நாட்டுத் துப்பாக்கியை உதாரணம் காட்டியிருந்தார் ஒருவர். அது பெரும்பாலும் புரியில்லாத குழல். மருந்துக்கு மேல் கந்தையோ நாரோ திணித்து, ஈய ரவை போட்டுக் கெட்டிப்பார்கள். அந்தத் திணிப்பு ‘அடைப்பு’. அதைக் குண்டுத்துணியோடு சேர்க்கக் கூடாது. ஆனால் ‘கெட்டிப்பது’ என்ற வினையை விடாதீர்கள். மசில்லோடருக்கு ‘முகவாய் ஏற்றி’ என்பதைவிட ‘வாய்கெட்டித் துப்பாக்கி’ காதுக்கு ஒத்துவருகிறது.

இனி மசகு. இதில்தான் எனக்கு உண்மையான பயம். மசகு என்றால் எங்கள் ஊர்க்காரருக்கு வண்டி மையும் பட்டறை கிரீஸும்தான் நினைவுக்கு வரும். சொல்லை நம்பி அதையே எடுத்துத் தடவினால் தொல்லை. இந்தத் துப்பாக்கிக்குப் போடும் கரிமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 பங்கு கலந்தது. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் பொட்டாசிய உப்புகளும் கரியுமாக மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையோடு போகும், மீதி குழலில் படியும். பெட்ரோலிய எண்ணெய் அதோடு சேர்ந்தால் தார் மாதிரி இறுகி, அடுத்த குண்டு இறங்க மறுக்கும். அதனால்தான் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும், அல்லது தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் உருக்கிக் கலப்பது. உடனே சுடுவதென்றால் எச்சிலே போதும். கெட்டித்து வைத்துக் காத்திருப்பதற்கு எச்சில் ஆகாது: காய்ந்துவிடும், அல்லது மருந்தை நனைக்கும்.

அதாவது, வழுக்க வைப்பது பாதி வேலைதான். படிந்ததை இளக்கமாக வைத்திருப்பது மறுபாதி. ஆகவே ‘கசடிளக்கி’ என்கிறேன். ‘துணியிளக்கி’ என்றும் யோசித்தேன். சலவை சாமான் போல ஒலிக்கிறது.

கிளீனருக்கு ‘குழலலசி’. படிவு பெரும்பாலும் நீரில் கரையும் உப்பு. வெந்நீரும் துளி சோப்பும் போட்டு அலசினாலே போய்விடும். புகையில்லா மருந்து போடும் இக்காலத் துப்பாக்கியில் குண்டின் உறை விட்டுச்செல்லும் செம்புப் படிவை எடுக்க வேறு ரசாயனம் வேண்டும்; ‘கரைப்பான்’ என்ற சொல்லை அதற்கு ஒதுக்கி வையுங்கள். ‘சுத்திகரிப்பான்’ என்று பொதுவாகப் போட்டால் இந்த வேறுபாடு போய்விடும். லேத்தில் பால்போல் ஊற்றுகிறோமே, நீரில் கலக்கும் எண்ணெய், அந்த வகைக் கலவையையும் அமெரிக்காவில் குழல் அலசப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ‘மூஸ் மில்க்’ என்று செல்லப்பெயர். தயவுசெய்து அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

அலசி உலர்த்தியபின் பூசும் எண்ணெய் தனி: ‘துருக்காப்பு எண்ணெய்’. மிஞ்சிய உப்பு ஈரத்தை இழுக்கும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில், அலசாத குழல் சீக்கிரம் துருப்பிடிக்கும். மறுபடி கெட்டிக்கும் முன் இந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேருங்கள்.

அப்புறம், அப்படித் துடைக்கிற சிறு துணியையும் ஆங்கிலத்தில் பேட்ச் என்றே சொல்கிறார்கள். பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் கிடக்கின்றன. அதை ‘துடைதுணி’ என்று பிரித்துத் தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.