தேநீருக்குப் பதில் அதிமதுரம்: குடிக்கலாமா, கூடாதா?

வேலந்தாவளம் விவசாயி: இருமல் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் டாக்டரைத் தேடுவதில்லை. அம்மா அதிமதுரத்தை நசுக்கி, சித்தரத்தையும் மிளகும் சேர்த்துக் கொதிக்க வைப்பார். இரண்டாம் நாள் தொண்டை தெளிந்துவிடும். இரண்டு மாதமாக அப்பாவும் நானும் காலையும் மாலையும் தேநீரை விட்டு இதையே குடிக்கிறோம். எல்லோரும் பழகுங்கள். வேரில் என்ன கெடுதல் இருக்கப்போகிறது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்: இருமலுக்கு நான்கு நாள் என்றால் சரி, அண்ணா. தினமும் என்றால் ஒப்ப மாட்டேன். என் மாமனாரும் இப்படித்தான் ஆரம்பித்தார். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மாத்திரை போட்டும் பிரஷர் 180. வேரின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும்.

விவசாயி: அவர் ஊறுகாயை விட்டாரா? பழி மட்டும் வேருக்கா? தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்கள் எல்லாம் வீங்கியா போனார்கள்?

டீச்சர்: நாற்பது வருடமாக ஊறுகாய் தின்றவருக்கு வீக்கம் இப்போதுதான் வந்தது, கஷாயத்தை நிறுத்தியதும் வடிந்தது. 1946இல் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு இதைக் கொடுத்தார். புண் ஆறியது, சிலருக்கு உடம்பு வீங்கியது. இரண்டும் ஒரே வேரின் வேலை. நம் பாட்டிமார் மருந்தாகத்தானே கொடுத்தார்கள், தேநீராகவா?

அங்ஙாடி (நாட்டு) மருந்துக் கடைக்காரன்: மலையாளிகள் ‘இரட்டிமதுரம்’ என்பார்கள், நம்மவர்கள் ‘அதிமதுரம்’, எடுப்பது ஒரே டப்பாவிலிருந்துதான். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் சரக்கு. குன்றிமணி வேரை இதன் பெயரில் தள்ளுபவர்களும் உண்டு. நல்ல வேர் உடைத்தால் உள்ளே மஞ்சளாக நார்நாராக இருக்கும். மென்றால் இனிப்பு மெல்ல ஏறி நாக்கைவிட்டுப் போகாது. பிரஷர் மாத்திரை உண்டா, வீட்டில் கர்ப்பிணி குடிக்கப்போகிறாரா என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. “வேர் கேட்டால் ஜாதகம் கேட்கிறாயே” என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்!

விவசாயி: அப்பாவும் பிரஷர் மாத்திரை போடுகிறவர்தான். ஒன்றும் ஆகவில்லையே.

டீச்சர்: கணுக்காலை அழுத்திப் பார்த்தீர்களா, அண்ணா?

விவசாயி (மறுநாள்): அப்பா காலில் செருப்பு வார் பதிந்த தடம் வெகுநேரம் மறையவில்லை. வரப்பில் நடந்ததாலும் இருக்கலாம். அவருக்குக் கஷாயத்தை நிறுத்திவிட்டேன், காலையில் பிரஷர் பார்க்கப் போகிறோம். நான் விடப்போவதில்லை, டீச்சர்.