இன்டேக் மேனிஃபோல்டு கடைஞ்ச பொறவு ஐடில் நிக்கமாட்டேங்கு, உதவி வேணும்

அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நம்மட்ட பழைய மாருதி எஸ்டீம் காரு ஒண்ணு இருக்கு, 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா பெட்ரோல் பீச்சுத இன்ஜின்). மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏத்தத்துல இழுவை பத்தலன்னு இன்டேக் மேனிஃபோல்ட (நாலு சிலிண்டருக்கும் காத்த பிரிச்சு குடுக்க குழாய்) கழட்டி லேத்துல குடுத்து, நாலு ஓட்டையையும் பெருசாக்கி உள்ள பளபளன்னு பாலிஷ் போட்டு புது பேக்கிங் (இன்ஜினோட சேருத எடத்துல காத்து கசியாம வைக்குத கேஸ்கெட்) வச்சு மாட்டியாச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டர் மிதிக்காம ஐடில்ல விட்டாலே ஆர்பிஎம் (நிமிசத்துக்கு இன்ஜின் சுத்துத சுத்து) 1500க்கு மேல போவுது, டக்குனு விழுது, மறுபடி ஏறுது. 2500க்கு கீழ முன்ன இருந்ததவிட மந்தம், அதுக்கு மேல பரவால்ல. காத்து நெறைய போனா பவர் கூடணும்லா? த்ராட்டில் பாடியையும் (ஆக்சிலரேட்டர் மிதிச்சா காத்துக்கு வழி தெறக்குத பாகம்) பெருசாக்கணுமா? இந்த வண்டிய விக்க மனசில்ல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளையங்கோட்டை:
தம்பி, த்ராட்டில் பாடிய தொடாதீங்க. ஏறி எறங்குததுக்கு வேற காரணம், எங்கயோ ஏர் எடுக்குது. உங்க வண்டில மேனிஃபோல்டுக்குள்ள இருக்க அழுத்தத்த மேப் சென்சார் அளந்து சொல்லும், அத பாத்துதான் ஈசியு (இன்ஜின கட்டுப்படுத்துத கம்ப்யூட்டர்) பெட்ரோல் அளவு போடும். பேக்கிங் ஓரமா வெளிக்காத்து நுழைஞ்சா வேக்குவம் கொறையும், அதாவது உள்ள அழுத்தம் கூடும், ஈசியு வண்டி லோடுல இருக்குன்னு நெனச்சு பெட்ரோல கூட்டும், ஆர்பிஎம் ஏறும், ஆக்சிலரேட்டர்ல கால் இல்லாம இவ்வளவு ஏறுதேன்னு பெட்ரோல வெட்டும், விழும், மறுபடி முதல்லருந்து. ஒரு முழம் ரப்பர் டியூப எடுத்து ஒரு முனைய காதுல வச்சு மறு முனைய பேக்கிங் ஓரமா, பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேருத பொகைய திருப்பி மேனிஃபோல்டுக்கு விடுத குழாய்) பக்கமெல்லாம் நகத்துங்க, உஸ்ஸுன்னு கேக்க எடம்தான் கோளாறு. ஃபேன் பெல்ட்டு பக்கம் டியூப் போயிராம பாத்துக்கிடுங்க. சில பேரு பெட்ரோல், கார்ப் கிளீனரெல்லாம் அடிச்சு பாப்பாங்க, சூடான இன்ஜின்ல அது தீப்பிடிக்கும், தயவுசெஞ்சு வேண்டாம்.

வள்ளியூர்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா அடைச்ச பொறவும் கீழ மந்தம் போவாது. ஓட்டை பெருசானா காத்தோட வேகம் கொறையும். கொறஞ்ச ஆர்பிஎம்ல சிலிண்டர் நெறையுததுக்கு அந்த வேகம்தான் வேணும், மலை ஏறுதவனுக்கு அதுதான முக்கியம்! நீளமான ஒடுக்கமான குழாய் கீழ இழுக்கும், குட்டையான அகலமானது மேல இழுக்கும், ரேஸ் வண்டிக்கு ரெண்டாவது சரி, நமக்கு சரிவராது. பாலிஷாலயும் பிரயோசனமில்ல, 80ஆம் நம்பர் உப்புத்தாள் தேய்ச்ச அளவு போதும். உருப்படியா செய்யக்கூடியது ஒண்ணுதான்: மேனிஃபோல்டு, பேக்கிங், ஹெட்டு (வால்வு இருக்க இன்ஜின் மேல்பாகம்) மூணு ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கணும். மேனிஃபோல்டு ஓட்டை ஹெட்ட விட பெருசா இருந்தா அந்த விளிம்புல காத்து போய் முட்டும், கொஞ்சம் சின்னதா இருந்தா பரவால்ல. உங்களுது எப்படி இருக்கு?

அம்பாசமுத்திரம்:
நாலாம் சிலிண்டர் ஓரத்துல உஸ்ஸுன்னு நல்லாவே கேக்கு. கழட்டி பாத்தா மேனிஃபோல்டு ஓட்டை சுத்தி வர ஹெட்ட விட பெருசுதான், பேக்கிங் உக்காருத எடமும் அங்கன ஒடுக்கமாயிட்டு.

பாளையங்கோட்டை:
அப்ப மேனிஃபோல்டுல பேக்கிங் உக்காருத முகத்துல ஸ்டீல் ஸ்கேல நேரா வச்சு, இடையில ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்க மெல்லிசு தகடு) நுழையுதான்னு பாருங்க, 0.10 மிமீக்கு மேல போச்சுன்னா முகம் சரியில்ல, ஃபேஸிங் பண்ணணும் (தட்டையா செதுக்கணும்). ஆனா ஒடுக்கமாப் போன எடத்துக்கு ஃபேஸிங் பண்ணியும் நிக்குமாங்கது சந்தேகம். காயலான் கடையில இதே மாடலுக்கு கடையாத மேனிஃபோல்டு கெடச்சா வாங்கிருங்க, மாட்டும்போது நட்டுகள நடுவுலருந்து ரெண்டு பக்கமா, ரெண்டு மூணு தடவையா முறுக்குங்க.

வள்ளியூர்:
இன்னொண்ணு, அத மாட்டுன பொறவு மேப் சென்சார் சிக்னல் வயர்ல மல்டிமீட்டர் வச்சு, சாவி மட்டும் போட்டு இன்ஜின் ஓடாம எத்தன வோல்ட்னு குறிச்சுக்கோங்க. பொறவு ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு, ரெண்டாவது கியர்ல முழு ஆக்சிலரேட்டர் குடுக்கும்போது எத்தன வோல்ட்னு அவர பாக்க சொல்லுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா ஃபில்டரும் த்ராட்டில் பாடியும் காத்த தடுக்கல, அங்க காசு போட வேண்டாம். நல்லா கொறஞ்சா மொத ஃபில்டர மாத்துங்க. மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல, அங்க காத்தழுத்தமே சமவெளிய விட பத்துல ஒரு பங்கு கம்மி, எந்த மேனிஃபோல்டும் அத ஈடுகட்டாது. நம்ம ஊரு வெயில்ல பானட்டுக்குள்ள கொதிக்க காத்த இழுக்காம, கிரில்லுக்கு பின்னால இருந்து ஃபில்டர் பெட்டிக்கு குழாய் வச்சு வெளிக்காத்து குடுங்க. காத்து 3 டிகிரி குளுந்தா அடர்த்தி ஏறக்கொறைய 1 சதவீதம் கூடும், அது மெய்யான லாபம். கம்பெனி குழாய் கழண்டு கெடக்கான்னும் பாருங்க, பழைய வண்டில அது பாதி எடத்துல இருக்காது.

அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சி, அந்தக் குழாய் எங்க வண்டில இல்லவே இல்ல. ரொம்ப நன்றி, வண்ணார்பேட்டைல மேனிஃபோல்டு தேடுதேன், மாட்டிட்டு வோல்ட் எவ்வளவுன்னு இங்கயே போடுதேன்.