ஹெரால்டு பிரேக் பைப்புக்கு எந்தக் கிளிப்: பழைய தகரமா, ரப்பர் வைத்ததா?

வண்டலூர்66:
வணக்கம். அப்பா 1966ல வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இப்போ என் கையில இருக்கு. போன வாரம் நாலு ஸ்டாண்டுல ஏத்தி, அடியில படுத்துப் பார்த்தேன். பின்பக்கம் போற பிரேக் பைப்பைப் பிடிச்சிருந்த தகரக் கிளிப்புல ரெண்டைக் காணோம். பைப் தொங்கி, சேசிஸ் ஓரத்துல உரசிக்கிட்டே ஓடியிருக்கு. நகத்தை வச்சு இழுத்தா ஒரு பள்ளம் தட்டுது. மிச்சமிருந்த கிளிப் ஒண்ணை நிமிர்த்தினேன். அதுக்கு உள்ளே பைப் அம்மைத் தழும்பு மாதிரி அரிச்சிருக்கு. பிரேக் பைப், பெட்ரோல் பைப் ரெண்டையும் முழுசா மாத்தப் போறேன். மெக்கானிக் பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டிடலாம்ங்கிறார். எனக்கு மனசு ஒப்பலை. பழைய மாதிரி தகரக் கிளிப்பே போடலாமா, ரப்பர் உறை வச்ச பி கிளிப் போடலாமா?

பழைய இரும்பு:
பிளாஸ்டிக் டை வேண்டவே வேண்டாம் தம்பி. சைலன்சர் சூட்டில் மொறுமொறுத்து என்றாவது ஒருநாள் அறுந்துவிடும். தகரக் கிளிப்பே போடுங்கள். அது திறந்த கிளிப். தண்ணீர் வந்த வழியே வடிந்துவிடும். ரப்பர் ஈரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளும். இன்னொன்று: பி கிளிப்புக்காகச் சேசிஸில் புது ஓட்டை போடாதீர்கள். ஹெரால்டில் பாடி தனி, சேசிஸ் தனி. அந்தச் சேசிஸ்தான் வண்டிக்கு முதுகெலும்பு. பெட்டி மாதிரி மூடிய இடத்தில் துளை விழுந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளிருந்து அரிப்பது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

திருச்சி மெக்:
ஐயா, நீங்க சொன்ன ஓட்டை விஷயம் சரி. ஆனா திறந்த கிளிப்புல தண்ணி நிக்காதுன்னா, அவர் நிமிர்த்தின கிளிப்புக்குள்ள அரிப்பு எப்படி வந்துச்சு? தகரத்துக்கும் பைப்புக்கும் நடுவுல இருக்கிற முடி அளவு சந்துலதான் மண்ணும் ஈரமும் போய் உக்காரும். அந்தத் தகரத்தை ரெண்டு தடவை மடக்கி நிமிர்த்தினா மூணாவது தடவை கையோட வந்துடும். அவருக்கு ரெண்டு கிளிப் காணாமப் போனதும் அப்படித்தான் இருக்கும்.

எனக்கே நடந்ததைச் சொல்றேன். புதுக்கோட்டை ரோட்டுல, என் வண்டியில, பெடல் ஒரே மிதியில தரையைத் தொட்டுச்சு. பழைய வண்டிக்கு ஒரே சர்க்யூட். எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்ணுல ஏத்தி நிறுத்தினேன். பக்கத்துல என் பொண்ணு உக்காந்திருந்தா. பைப் வெடிச்ச இடம் ஒரு தகரக் கிளிப்போட ஓரம். அன்னிலேர்ந்து ரப்பர் இல்லாத கிளிப்பை நான் கையால தொடுறதில்லை.

கடலோரம்:
ரெண்டு பேரும் ரப்பர் ரப்பர் என்கிறீர்கள், எந்த ரப்பர் என்று யாரும் சொல்லவில்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் பி கிளிப்பில் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர் இருக்கும். பிரேக் ஆயிலை அது தாங்கும். பெட்ரோல் பட்டால் ஊதிப் பஞ்சாகிவிடும். நைட்ரைல் ரப்பர் நேர்மாறு: பெட்ரோலைத் தாங்கும், பிரேக் ஆயிலில் ஊறினால் வீணாகும். அதனால் இரண்டு பைப்புக்கும் ஒரே டப்பா கிளிப் வாங்காதீர்கள். பெட்ரோல் பைப்போடு சேர்த்து, டேங்க் பக்கமும் பம்ப் பக்கமும் இருக்கும் ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். இப்போது பங்கில் அடிப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1966இல் அந்த ஹோஸைச் செய்தவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை.

பைப் காப்பரா, குப்ரோநிக்கலா? காப்பர் என்றால் கிளிப் இன்னும் முக்கியம். அதிர அதிரக் காப்பர் கெட்டிப்பட்டு விரிசல் விடும். நான் 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல் கலந்த குப்ரோநிக்கல் பைப்தான் போட்டேன். கையாலேயே வளைக்கலாம், துருப் பிடிக்காது.

பழைய இரும்பு:
திருச்சித் தம்பி, குழந்தையோடு அப்படி ஒரு நிலைமை வந்ததைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. ஆனாலும் பைப்பின் வயதைக் கிளிப்பின் தலையில் ஏற்றாதீர்கள். நான் பெசன்ட் நகரில் இருக்கிறேன், உப்புக்காற்று. ஐப்பசி மழை முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு ரப்பர் கிளிப்பைக் கழற்றினேன். ரப்பரை விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. அதற்குள் இருந்த இரும்புப் பைப் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

திருச்சி மெக்:
இரும்புப் பைப்பா இருந்ததால ஆரஞ்சாச்சு. கடலோரம் சொன்ன பைப்பைப் போட்டா அந்த ஈரம் என்ன செய்யும்?

பழைய இரும்பு:
பைப்பை ஒன்றும் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளிப்பின் இரும்பையும், அது உட்காரும் சேசிஸையும் தின்னும். ரப்பர்தான் என்றால் ஸ்டெயின்லெஸ் கிளிப்பாக வாங்கி, சேசிஸில் படும் இடத்தில் மெழுகு தடவி, பழைய ஓட்டையிலேயே மாட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் நான் இறங்கி வரமாட்டேன்.

வண்டலூர்66:
எல்லாருக்கும் நன்றி. குப்ரோநிக்கல் பைப், பிரேக்குக்கு ஈபிடிஎம், பெட்ரோலுக்கு நைட்ரைல், எல்லாம் பழைய ஓட்டையிலயே. ஒரு ஓட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு இடத்துல ஒன்றரை அடிக்கு மேல இருக்கு. அங்கே பைப் தொங்குமே?

கடலோரம்:
ஒரு அடிக்கு ஒரு கிளிப் என்பது கணக்கு. அந்த இடத்தில் மட்டும், சேசிஸின் வெளி விளிம்பில், மூடிய பெட்டிக்குள் போகாத ஓரமாகப் பார்த்து ஒரு துளை போடுங்கள். உடனே பிரைமர் அடித்துவிடுங்கள். பெரியவரும் இதற்குக் கோபப்படமாட்டார்.

பழைய இரும்பு:
விளிம்பில் என்றால் சரி. பின்சக்கரத்து ரப்பர் ஹோஸ் இரண்டையும் மாட்டும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள் தம்பி. ஒன்றால் ஹோஸை அசையாமல் பிடித்து, மற்றதால் நட்டை முறுக்குங்கள். ஹோஸ் முறுக்கிக்கொண்டால், சக்கரம் ஏறி இறங்கும்போது போய் உரசும். ஆயில் விட்டு, காற்றெடுத்த பிறகு, ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். அதன்பிறகு ஸ்டாண்டை எடுங்கள்.