நெட் ஷெரின்: வாராவாரம் நேரலை, கூடவே இசை நாடகம். எப்படி முடிந்தது?

மேடைவிளக்கு (கேள்வி):
பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் நெட் ஷெரின் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பிபிசியில் 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' அங்கத நிகழ்ச்சி 1962 நவம்பர் 24 அன்று தொடங்குகிறது. சனிக்கிழமை இரவு, நேரலை. அடுத்த மாதமே லண்டன் காரிக் அரங்கில் அவர் இணைந்து எழுதிய இசை நாடகம் 'சிண்டி-எல்லா' மேடையேறுகிறது. ஒரே ஆளால் இது எப்படி முடிந்தது? டிவி வேலை மேடைக்கு உதவியதா, நேரத்தைத் தின்றதா? டிவிக்கு எழுதிப் பழகியவர்கள் இசை நாடகத்துக்கு வந்தால் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

ஒத்திகைக்கூடம்:
அவர் தனியாக எழுதவில்லை என்பதுதான் முதல் பதில். கேரில் பிராம்ஸும் எஸ். ஜே. சைமனும் 1941இல் எழுதிய 'நோ பெட் ஃபார் பேக்கன்' நாவலை இசை நாடகமாக்க அனுமதி கேட்டுப் போனார் ஷெரின். நாடகம் 1959இல் வந்தது, பெரிதாக ஓடவில்லை. ஆனால் 1982இல் பிராம்ஸ் இறக்கும்வரை இருவரின் கூட்டு நீடித்தது. டிவியிலும் அவர் உடனிருந்தார்: அந்த அங்கத நிகழ்ச்சியின் முகப்புப் பாட்டுக்கு மெட்டு ரான் கிரெய்னர், வரிகள் பிராம்ஸ்.

'சிண்டி-எல்லா'வில் நடித்தவர்கள் நான்கே பேர்: கிளியோ லேன், எலிசபெத் வெல்ச், சை கிராண்ட், ஜார்ஜ் பிரவுன். ஆள் குறைந்தால் ஒத்திகை அட்டவணை சுருங்கும், குழுப்பாட்டுக்குக் குரல் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் நாட்கள் மிச்சமாகும். வேறு வேலையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பியானோக்கட்டை:
டிவி வேலை உதவியதா என்றால், நிச்சயமாக. அந்த முகப்புப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு மாறாது; அந்த வாரச் செய்திக்கேற்ப வரிகள் மட்டும் மாறும், மிலிசென்ட் மார்ட்டின் பாடுவார். இதைவிடக் கடுமையான பாட்டெழுத்துப் பயிற்சி இல்லை. முயன்று பார்க்க நினைப்பவர்கள் பல்லவியைத் தொடாமல் சரணங்களை மட்டும் மாற்றுங்கள். கேலிக்குரிய பெயரோ சொல்லோ வரியின் கடைசியில் இயைபோடு விழட்டும். முன்னாலேயே வந்துவிட்டால் சிரிப்பு எழுந்து மிச்ச வரியை மூழ்கடித்துவிடும். மெட்டின் நீண்ட சுரத்தில் நெடில் வரவேண்டும். அங்கே குறிலை வைத்து இழுத்தால் வேறு சொல்லாகக் கேட்கும். ஒரு இரட்டை வரியை மட்டும் கழற்றி மாட்டும்படி வையுங்கள். கடைசி நேரத்தில் செய்தி மாறினால் பாடகர் இரண்டு வரிதான் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கும்.

அவசரத்தில் நல்ல பாட்டு வராது என்பவர்கள் 1963 நவம்பர் 23 நிகழ்ச்சியைப் பார்க்கவேண்டும். கென்னடி சுடப்பட்ட மறுநாள். அங்கதம் முழுவதையும் தூக்கிவிட்டு அஞ்சலியாக நடத்தினார்கள். மார்ட்டின் பாடிய அஞ்சலிப் பாட்டை ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் எழுத, டேவிட் லீ இசையமைத்தார். 1985இல் 'லே மிசெராப்' இசை நாடகத்தின் ஆங்கில வரிகளை எழுதியவர் இதே கிரெட்ஸ்மர்தான்.

திரைச்சீலை:
மேலே சொன்னதோடு ஒரு திருத்தம். கதையோடு கூடிய முழு இசை நாடகங்கள் ஷெரினின் உச்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. மேடைப் பாடகி மேரி லாயிட் வாழ்க்கையைச் சொன்ன 'சிங் எ ரூட் சாங்' (1970) பார்பரா வின்ட்சர் நடித்தும் பெரிய வெற்றியாகவில்லை. இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்டைமின் பாட்டுகளைத் தொகுத்து அவர் இயக்கிய 'சைட் பை சைட் பை சோண்டைம்' (1976) தான் உலகம் சுற்றியது. மூன்று பாடகர்கள், இரண்டு பியானோ, நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து பேசும் தொகுப்பாளராக ஷெரின். அவ்வளவே. பாடகர்களில் மிலிசென்ட் மார்ட்டினும் டேவிட் கெர்னனும் பழைய டிவி குழுவினர். 1977இல் நியூயார்க்கின் பிராட்வே போனபோது, ஷெரினையும் சேர்த்து நால்வருமே அங்குள்ள மேடை விருதான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். டிவியில் பழகிய தொகுப்பும் பாட்டும் என்ற வடிவம்தான் மேடையில் வென்றது.

பாட்டுகளுக்கு நடுவே தொகுப்பாளர் பேசும் அந்த இணைப்புப் பேச்சை எழுதுவது லேசில்லை. அரை நிமிடத்துக்கு மேல் போனால் பாட்டுக்கு வந்தவர்கள் நெளிவார்கள். பாட்டு சொல்லப்போவதை முன்கூட்டிச் சொல்லக்கூடாது. யார், யாரிடம், எந்த நிலையில் பாடுகிறார் என்பது போதும். முந்தைய பாட்டின் கைதட்டல் அடங்குமுன் வரும் முதல் வாக்கியம் யார் காதிலும் விழாது, எனவே அதில் முக்கியமான தகவலை வைக்காதீர்கள். டிவிக்காரர்கள் தவறுவது இங்கேதான். குளோஸ்-அப்பில் ஒரு புருவ அசைவு சொல்லிவிடுவதைப் பின்வரிசைக்கு வசனமோ பாட்டோதான் கொண்டுபோகவேண்டும்.

மேடைவிளக்கு:
நன்றி. நான்கு பேரை வைத்து எழுதும்போது ஒருவரே பல வேடம் போடுவாரே, அதை எப்படித் திட்டமிடுவது?

ஒத்திகைக்கூடம்:
வசனம் எழுதுமுன்பே ஒரு கட்டம் போடுங்கள். பக்கவாட்டில் நடிகர்கள், மேலே காட்சிகளும் பாடல்களும் வரிசையாக. ஒரே நடிகர் அடுத்தடுத்த இரு கட்டங்களில் வேறு வேறு வேடத்தில் வந்தால், நடுவே அவர் இல்லாத ஒரு பாட்டு வேண்டும், அல்லது தொப்பி, சால்வை போன்ற ஒரே பொருளில் வேடம் மாறவேண்டும். மூச்சுமுட்ட ஆடிப் பாடியவருக்கு உடனே மெதுவான தனிப்பாட்டு கொடுத்தால் முதல் நீண்ட சுரமே நடுங்கும். இரண்டு பாத்திரங்கள் சண்டை போடும் காட்சி எழுதி முடித்தபிறகு, இருவரும் ஒரே நடிகர் என்று தெரியவந்தால் காட்சியையே தூக்கவேண்டியதுதான். கட்டம் போட்டால் அது முதல் நாளே தெரிந்துவிடும்.