மறு: பெனால்ட்டி ஷூட்அவுட்டுக்குத் தமிழ் என்ன?

> 'தண்ட உதைப் போட்டி' என்றே வைக்கலாமே. பெனால்ட்டிக்குத் தண்ட உதை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

ஐயா, பெனால்ட்டிக்குத் தண்ட உதை சரி. கால்பந்தில் ஆட்டம் சமனானால் வெற்றியைத் தீர்க்க இரு அணியும் மாறி மாறிக் கோலுக்கு உதைக்கிற ஷூட்அவுட்டுக்கும் அதையே நீட்டுவதுதான் எனக்கு இடறுகிறது.

போன ஞாயிறு காட்பாடிப் பாலத்துக்குக் கீழே, பாலாற்று மணலில் எங்கள் தெருப் பையன்களுக்கும் விருதம்பட்டுப் பையன்களுக்கும் ஆட்டம். 2-2 எனச் சமன், அதனால் ஷூட்அவுட். கோலிலிருந்து 12 தப்படி எண்ணி, குதிகாலால் மணலைக் கீறிப் புள்ளி வைத்தேன். ஐந்தாவது படிக்கிற ஒருவன் கேட்டான்: "இன்னா சார், நாங்க ஃபவுலே பண்ணலியே, எதுக்கு பெனால்ட்டி?"

நியாயமான கேள்வி. குற்றமே இல்லாத இடத்தில் தண்டம் எங்கிருந்து வரும்? 1970-க்கு முன் இந்த இடத்தில் பெரும்பாலும் இருந்தது மறு ஆட்டமோ பூவா தலையாவோதான். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத்தும் கூடுதல் நேரத்திலும் கோல் போடவில்லை. நாணயம் சுண்டி இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையிலும் முதல் பிரிவில் சோவியத்தா மெக்சிகோவா முன்னே என்பதற்குத் திருவுளச்சீட்டுதான். அந்தக் கோப்பை முடிந்த ஆறாம் நாள், ஜூன் 27-ல், ஆட்டவிதிகளை வகுக்கும் வாரியம் இந்த உதைமுறையை ஏற்றது. ஆகஸ்ட் 5-ல் ஹல் சிட்டிக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜார்ஜ் பெஸ்ட் முதல் உதையைக் கோலாக்கினார். முதலில் கோட்டைவிட்டவர் டெனிஸ் லா. (வேலூர்க்காரன் 'கோட்டைவிட்டவர்' என்று எழுதுவதற்குச் சிரிக்க வேண்டாம்.)

ஆட்டத்தின் நடுவே தருகிற பெனால்ட்டிக்கும் இதற்கும் விதியும் வேறு. கோல்கீப்பர் தட்டிய பந்து திரும்பி வந்தால் உதைத்தவர் மறுபடி அடிக்க முடியாது. விழுகிற கோல்கள் ஆட்டக் கணக்கிலும் சேராது.

அதனால் என் பரிந்துரை: தீர்வுதை. தீர்வு + உதை. 'முற்றும் அற்று' என்கிற நன்னூல் விதிப்படி உகரம் கெடும்.

> 'புள்ளியுதை' எப்படி?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வெற்றிக்கு 3 புள்ளி' என்று அடுத்த வரியிலேயே எழுத வேண்டிவருமே.

தீர்வுதையிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுதிக் காட்டியதும் பையன்கள் 'தீர் வுதை' என்று வாசித்தார்கள். நாளிதழில் 'தீர்வு உதை' என்று இடம்விட்டு அச்சிடலாமோ என்னவோ. ஓர் அடிக்குத் தீர்வுதை, மொத்தத்துக்குத் தீர்வுதைச் சுற்று. 'தீர்வுதையில் 4-3 என வென்றது' என்று செய்தி போல எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

அப்புறம், ஐந்தைந்து உதையிலும் சமனானால், ஒருவர் போட்டு மற்றவர் தவறும்வரை ஒவ்வோர் உதையாக நீள்கிற 'சடன் டெத்'துக்கு யாராவது ஒன்று சொல்லுங்கள். 'திடீர்ச் சாவு' மட்டும் வேண்டாம், விளையாடுவது சின்னப் பிள்ளைகள்.