ஹைபிரிட்டா, முழு மின்சாரமா: பீடோர் பக்கத்துக்கு எது சரி வரும்?

பீடோர்ப் பிள்ளை:
தங்கை காடி வாங்கப் போகிறாள். வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் தாமானில் (வீடமைப்புப் பகுதி), வேலை ஈப்போவில். போக வர ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கடையில் மைல்டு ஹைபிரிட், பிளக்-இன், முழு மின்சாரம் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினார்கள். என் கட்சி இதுதான்: வாங்கினால் முழு மின்சாரம். எஞ்சினும் பேட்டரியும் ஒரே காடியில் இருந்தால் பழுதும் இரண்டு மடங்கு, செலவும் இரண்டு மடங்கு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

செம்பனைக்காட்டான்:
நான் மறுக்கிறேன் தம்பி. ஹைபிரிட் எல்லாம் ஒரே சாதி இல்லை. நிசான் செரினா எஸ்-ஹைபிரிட் மைல்டு ரகம், அதில் இருப்பது சின்ன மோட்டார். எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். மின்சாரத்தில் மட்டும் ஓடாது. 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் வேறு ரகம். அதில் எஞ்சினைக் கிளப்பும் தனி ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் கிடையாது, அந்த வேலையை மோட்டார்களே பார்த்துக்கொள்ளும். பழுதாகும் சாமான் குறைந்துதானே இருக்கிறது?

ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி இன்னும் அழகு. டவுனுக்குள் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க மட்டும்தான், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். ஹைவேயில் வேகம் சீரானதும் ஒரு கிளட்ச் எஞ்சினைச் சக்கரத்தோடு நேராகச் சேர்த்துவிடும். நிசான் இ-பவரில் அந்தக் கிளட்சும் இல்லை, கடைசிவரை எஞ்சின் ஜெனரேட்டர் மட்டும்தான். இவை எதையும் பிளக்கில் செருக வேண்டியதில்லை.

தாப்பா டீச்சர்:
பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட், அதுதான் பிளக்-இன், அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜேக்கூ ஜே7 பிளக்-இன்னில் 18.3 யூனிட் பேட்டரி இருக்கிறது. தினமும் இரவில் செருகினால் ஈப்போ போய் வரும் தூரத்தில் பாதிக்கு மேல் மின்சாரத்திலேயே ஓட்டலாம். ஆனால் செருகுவார்களா? ஐரோப்பிய ஆணையம் 2024இல் சாலையில் ஓடும் காடிகளின் கணக்கைப் பார்த்தது. பிளக்-இன் காடிகள் வெளியிட்ட கரியமில வாயு, ஆய்வகக் கணக்கைவிட 3.5 மடங்கு. செருகாமல் ஓட்டினால் கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு எண்ணெய்தான் எரியும். ஒழுங்காகச் செருகுகிற ஆளுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன்.

பீடோர்ப் பிள்ளை:
டீச்சர் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். செருகத்தான் வேண்டுமென்றால் முழு மின்சாரமே வாங்கலாமே. புரோட்டோன் இ.மாஸ் 7இன் சின்ன பேட்டரியே 49.52 யூனிட். தங்கைக்கு ஒரு நாளைக்கு 18 முதல் 20 யூனிட் போதும். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம்.

செம்பனைக்காட்டான்:
காசுக் கணக்கையும் போடு தம்பி. வீட்டு மின்சாரம் யூனிட் 44 சென் என்று வை. 20 யூனிட்டுக்கு 8 வெள்ளி 80 சென். ஹைபிரிட் 120 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கும். பூடி95 என்கிற மானியப் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென் என்றால் 10 வெள்ளி கூட இல்லை. வித்தியாசம் ஒரு வெள்ளி சொச்சம்! வேகச் சார்ஜரில் யூனிட் 1 வெள்ளி 20 சென்னுக்கும் மேலே. அங்கேயே தினமும் ஏற்றினால் 24 வெள்ளி ஆகிவிடும், சாதாரண பெட்ரோல் காடியே மேல்.

இன்னொன்று. தாமான் வீட்டை வைத்தே எல்லோரும் பேசுகிறீர்கள். தோட்டத்து லயன் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவன் எங்கே செருகுவான்? வயரிங் நிர்வாகத்துடையது, காடி நிற்பது ரோட்டோரம். அவனுக்கு ஹைபிரிட்தான் வழி.

பீடோர்ப் பிள்ளை:
1 வெள்ளி 99 சென் மானிய விலை அண்ணே. அது பத்து வருஷம் அப்படியே இருக்குமா? காடியைப் பத்து வருஷம் ஓட்டப்போகிறோம். லயன் வீட்டு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அங்கே முழு மின்சாரம் சரி வராது. தங்கைக்குச் சொந்த போர்ச் இருக்கிறது.

வயர்மேன் மாமா:
போர்ச் இருந்தால் மட்டும் போதாது. மூன்று முனைப் பிளக்கில் ஏற்றினால் மணிக்கு 2.3 யூனிட்தான் ஏறும். 20 யூனிட்டுக்கு ஒன்பது மணி நேரம். கேத்தல் அஞ்சு நிமிஷத்தில் அணைந்துவிடும். இது விடிய விடிய அதே இழுப்பு இழுக்கும். பழைய சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் லைவ் முனைப் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கும். திருகு தளர்ந்து, அந்த இடம் சூடாகி வெந்த அடையாளம் அது. நீட்டு வயர் போட்டு ஜன்னல் வழியாக இழுக்கிற வேலையே கூடாது.

வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபி ஒன்றை அதற்கென்று தனியாக வைத்து, 32 ஆம்பியர் சார்ஜர் பொருத்துங்கள். மணிக்கு 7 யூனிட் ஏறும், மூன்று மணி நேரத்தில் வேலை முடியும். பதிவு பெற்ற ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அந்தச் செலவையும் காடி விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு தம்பி.

செம்பனைக்காட்டான்:
அதைச் சேர்த்தால் ஹைபிரிட் பக்கம் தராசு இன்னும் சாயும்.

பீடோர்ப் பிள்ளை:
முதல் இரண்டு வருஷத்துக்குச் சாயும், அதற்கப்புறம் சாயாது என்பதுதான் என் கட்சி. மாமா, எங்கள் வீடு பழைய வயரிங். சனிக்கிழமை வந்து மீட்டரையும் டிபி பெட்டியையும் பார்த்துச் சொல்ல முடியுமா? 32 ஆம்பியர் தாங்காது என்றால் தங்கையை ஹோண்டா சிட்டிக்கே முன்பணம் கட்டச் சொல்லிவிடுகிறேன்.

வயர்மேன் மாமா:
காலையிலேயே வருகிறேன். வீடு மொத்தம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும், பிரிட்ஜ், ஏர்கோன் எல்லாம் ஓடட்டும், அணைத்து வைக்காதே.